மலைக்குடிகளும் சிறு கடனும்

மாதேஸ்வரன் மலை என்றவுடன் சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களைச் சேர்ந்த நம்மவர்க்கு நினைவில் எழுவன சிவராத்திரியும் தீபாவளி ஜாத்திரையுமே ஆகும். மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகச் சென்று, பாலாற்றைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் யாத்ரீகர்கள் திரள் திரளாகச் செல்வதைக் காண்கிறோம். எழுபத்தேழு மலைகளுக்கு நாயகன் என்று அத்தெய்வத்தை அங்குள்ளோர் போற்றுகின்றனர். கோயிலைக் கண்டு திரும்பும் நாம், அம்மலைகளின் மடிப்புகளில் வாழும் குடிகளைப் பெரும்பாலும் காண்பதில்லை. காட்டோரத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் கேழ்வரகு நிலம். அதன் ஓரத்தில் மரக்கிளையில் கட்டிய ஒரு பரண். கீழே அணைந்துபோன தீயின் சாம்பல். இவ்வளவே பேருந்தின் சன்னல் வழியாக நம் கண்ணில் படும். அந்தப் பரணில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியவர் வீட்டில் இருக்கிறாரா, அல்லது குடகு நாட்டுக் காப்பித் தோட்டத்திலோ தொலைவிலுள்ள கல்குவாரியிலோ இருக்கிறாரா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் கேள்வி. அதற்கு மழையும் மண்ணும் மட்டும் விடை சொல்லிவிட மாட்டா. ஆவணி மாதத்தில் அக்குடும்பத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் யாரிடமிருந்து, எந்த நிபந்தனையின் மேல் கிடைத்தது என்பதையும் நாம் விசாரிக்க வேண்டும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். இம்மலைப் பகுதி பழைய கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்தது. கொள்ளேகால் 1956 நவம்பர் 1 வரையில் சென்னை இராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்தது. மொழிவாரி இராஜ்யங்கள் அமைந்தபொழுது மைசூருடன் இணைந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிந்தது. இப்பொழுது மலை ஹனூர் தாலுகாவில் இருக்கிறது. எல்லைக்கோடுகள் இவ்வாறு இடம் மாறினவேயன்றிக் குடிகள் மாறவில்லை. காட்டை நம்பி வாழ்ந்த சோளகர்கள், கோயில் பூசைக்குரிய பேடகம்பணர்கள், அடிவாரத்து ஊர்களில் தமிழ் பேசும் குடியானவர்கள் என்று பல திறத்தாரும் அங்கு வாழ்கின்றனர். 2013-இல் ஏறக்குறைய 906 சதுர கிலோமீட்டர் காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனால் பல சிற்றூர்கள் சரணாலயத்துக்கு உள்ளேயோ அதன் விளிம்பிலோ அமைந்துவிட்டன. உள்ளே இருக்கும் சில ஊர்களுக்கு இன்றும் நல்ல சாலை கிடையாது.

இங்கு விவசாயம் வானம் பார்த்தது. ஆடியில் மழை கண்டு கேழ்வரகு விதைப்பார்கள். அதனுடன் அவரையும் துவரையும் கலந்து தூவுவோரும் உண்டு. ஆவணியிலும் புரட்டாசியிலும் களை எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கதிர் முற்றும். யானையும் காட்டுப்பன்றியும் கதிரின் மணம் அறிந்து வரும். கார்த்திகை, மார்கழியில் அறுவடை. ஆக, தானியம் வீட்டுக்கு வருவது ஆண்டில் ஒரு முறை; வயிறோ நாள்தோறும் கேட்கிறது. சென்ற ஆண்டின் கேழ்வரகு ஆடிக்குள் குதிரில் அடி கண்டுவிடும். அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதங்கள் கடையில் வாங்கித்தான் உண்ண வேண்டும். நியாயவிலைக் கடை அரிசி இந்நாளில் பெரிய ஆதரவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்ணெய், பருப்பு, பள்ளிப்பிள்ளைகளின் தேவை, திடீரென்று வரும் காய்ச்சல் ஆகிய இவற்றுக்கெல்லாம் ரொக்கம் வேண்டுமே!

விதியின் விளையாட்டைப் பாருங்கள். வீட்டில் ரொக்கம் வற்றிப்போகும் அதே மாதங்களில்தான் சொந்த நிலம் மிகுதியான உழைப்பைக் கேட்கிறது. களை எடுக்காவிட்டால் பயிர் இளைக்கும். பரண் காக்காவிட்டால் இருக்கிற பயிரும் ஓர் இரவில் போகும். ஆனால் களை எடுப்பதற்கும் பரண் காப்பதற்கும் அன்றாடம் கூலி கொடுப்பார் யார்? தன் நிலம் கொடுக்கும் கூலி மார்கழியில்தான் வரும். பிறர் நிலத்திலோ குவாரியிலோ வேலை செய்தால் பணம் உடனே கிடைக்கும். எனவே கையில் காசற்ற குடும்பம், பின்னால் வரும் பெரிய வருவாயை விட்டு, முன்னால் வரும் சிறிய கூலியைத் தேடிச் செல்கிறது. இதைக் கண்டு, "மலைவாசிகளுக்கு நாளையைப் பற்றிய சிந்தனை இல்லை" என்று பேசுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாளைவரை காத்திருப்பதற்கு வேண்டிய கையிருப்பு அவர்களிடம் இல்லை என்பதே உண்மை. சிறு கடன் என்பது இந்தக் காத்திருப்பை விலைக்கு வாங்கித் தருவதாகும். அதன் விலை என்ன என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பழங்காலத்தில் அந்த விலை மனிதனாகவே இருந்தது. மைசூர் நாட்டில் 'ஜீதம்' என்று ஒரு வழக்கம் இருந்தது. திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டவன், அது தீரும்வரை கொடுத்தவர் வீட்டில் வேலை செய்ய வேண்டும். அவன் உழைப்பு பெரும்பாலும் வட்டிக்கே ஈடாகும். முதல் அப்படியே நிற்கும். தந்தைக்குப் பின் மகன் அந்த இடத்தில் நிற்பான். தஞ்சைப் பண்ணையாளின் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. 1975 அக்டோபரில் பிறப்பித்த அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1976-இல் பாராளுமன்றம் இயற்றிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் இத்தகைய கடன்களை ஒரே எழுத்தில் செல்லாதவை ஆக்கின. ஆனால் சட்டம் கடனைத் துடைத்ததேயன்றி, கடன் வாங்க வேண்டிய தேவையைத் துடைக்கவில்லை. ஆகவே பழைய ஜீதம் சென்ற வழியில் மேஸ்திரியின் முன்பணம் வந்தது.

முன்பணத்தின் இயல்பைச் சற்று நின்று கவனிப்பது பயன் தரும். மேஸ்திரி ஒருவர் ஆவணி மாதத்தில் ஊருக்குள் வருகிறார். கையெழுத்தோ ஜாமீனோ கேட்பதில்லை. வட்டி என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, "தோட்டத்துக்கு வந்து கழித்துக்கொள்ளலாம்" என்கிறார். வாங்குகிறவருக்கு இது வட்டியில்லாக் கடனாகவே தோன்றும். உண்மையில் வட்டி கூலிக்குள் ஒளிந்திருக்கிறது. பிற ஆட்களுக்குக் கொடுக்கும் கூலியினும் முன்பணம் பெற்றவருக்குக் குறைவான கூலி. வேறிடத்தில் நல்ல கூலி கிடைத்தாலும் செல்ல முடியாத நிலை. வேலை எந்த நாள் தொடங்க வேண்டும் என்பதைக் கொடுத்தவரே தீர்மானிக்கும் உரிமை. இவையே அந்த வட்டி. கடன் கொடுப்பவரும் உழைப்பை வாங்குபவரும் ஒருவரேயாக இருந்தால், கடன் வாங்குபவர் பேரம் பேசும் வாயை இழக்கிறார். ஐப்பசியில் கதிர் முற்றும்பொழுது பரணில் இருக்க வேண்டியவர் லாரியில் ஏறிவிடுவதற்குக் காரணம் இதுவே.

அரசாங்கம் இதற்கு மாற்றுத் தேடிய வரலாறு நீண்டது. சென்னை அரசாங்கத்தின் பொருட்டுப் பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் தம் அறிக்கையை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் ஏழைக் குடியானவர்களைக் கொண்டே அமைத்த கடன் சங்கங்களை அவர் இந்நாட்டுக்குப் பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் ஒரு சங்கம் எழுந்தது. அரை நூற்றாண்டு கழிந்தபின் பலன் என்ன? ரிசர்வ் வங்கி 1951-52-இல் நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு ஒரு கசப்பான உண்மையைக் கூறிற்று: குடியானவர் பெற்ற கடனில் நூற்றுக்கு மூன்று பங்கே கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வந்தது, ஏறக்குறைய எழுபது பங்கு லேவாதேவிக்காரர்களிடமிருந்து வந்தது. வர்த்தக வங்கிகளின் பங்கு ஒன்றைக்கூட எட்டவில்லை.

1969-இல் பதினான்கு பெரிய வங்கிகள் தேசவுடைமையாயின. 1976-இல் மைசூரைத் தலைமையிடமாகக் கொண்டு காவேரி கிராமீண வங்கி தோன்றியது. 1980 முதல் நாடெங்கும் பரவிய ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஏழைக் குடும்பங்களுக்கு மானியத்துடன் கறவை மாடும் ஆடும் வாங்கக் கடன் தந்தனர். நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால் கடன் ஒரு பொருளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ஒரு வேலையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கலப்பினப் பசு வந்தால், பால் வண்டி நிற்கும் சாலைக்குக் காலையும் மாலையும் நடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியே. சாலையே இல்லாத மலையூரில் பாலை யாரிடம் கொடுப்பது? அண்டையிலுள்ள பர்கூர் மலையின் செவ்வண்ண மாடு பால் குறைவாகத் தந்தாலும், காட்டில் மேய்ந்து, கல்லிலும் முள்ளிலும் ஏறி வாழும். ஆனால் நமது கடன் படிவங்கள் லிட்டர் கணக்கையே கேட்டன. ஆட்டுக்குப் பால் வண்டி தேவையில்லைதான். அதற்கு மேய்ப்பவர் ஒருவர் நாள் முழுவதும் வேண்டும். தந்தை கூலிக்கும் தாய் களை எடுப்புக்கும் சென்றுவிட்டால், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை ஆட்டின் பின்னால் போகும். கடன் வழங்கியவர் இதைக் கணக்கில் எழுதியதாக நாம் அறியோம். இந்நாளில் மேய்ச்சலும் முன்போல் எளிதன்று. 2025 ஜூனில் இம்மலைக் காட்டில் ஒரு பெண்புலியும் அதன் நான்கு குட்டிகளும் நஞ்சிட்ட மாட்டிறைச்சியைத் தின்று மடிந்தபின், காட்டில் கால்நடை மேய்ப்பதைத் தடுக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாங்கிய கடன் இத்தகைய காற்றிலும் ஆட வேண்டியிருக்கிறது.

இனி, இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு முயற்சியைக் கூறுவோம். 1968-இல், திபேத்திலிருந்து அகதிகளாக வந்தோரைக் குடியமர்த்தும் பணிக்காக மைசூர் நாட்டில் ஒரு தொண்டு நிறுவனம் உருவாயிற்று. மைராடா என்பது அதன் சுருக்கப் பெயர். கொள்ளேகாலுக்கு அருகில் ஒடெயர்பாளையத்தில் இன்றும் திபேத்தியர் குடியிருப்பைக் காணலாம். பின்னர் அந்நிறுவனம் கொள்ளேகால் பகுதியிலும், எல்லைக்கு இப்பால் தாளவாடியிலும், இன்னும் பல இடங்களிலும் கிராமப் பணியில் இறங்கியது. முதலில் அதுவும் பெரிய கூட்டுறவுச் சங்கங்களையே அமைத்தது. ஒவ்வொன்றிலும் நூறு பேர் அளவில் உறுப்பினர். 1984-85 அளவில் அவை உடையத் தொடங்கின. அதற்குக் காரணம், சங்கத்தைச் செல்வாக்குள்ள ஒருவர் இருவர் கைப்பற்றிக்கொண்டதேயாகும்.

அப்பொழுது நிகழ்ந்ததை அந்நிறுவனத்தின் தலைவராக விளங்கிய அலோஷியஸ் பெர்னாண்டஸ் எழுதியிருக்கிறார். உறுப்பினர்கள் சிறு சிறு குழுக்களாக வந்து, "நாங்கள் வாங்கிய கடனைச் சங்கத்திடம் கட்ட மாட்டோம், உங்களிடம் கட்டிவிடுகிறோம்" என்றனராம். "எங்களிடம் ஏன்? இப்படிச் சேர்ந்து வந்திருக்கும் உங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு, நீங்களே அதை நிர்வகிக்கலாகாதா?" என்ற மறுமொழி கிடைத்தது. அங்கிருந்தே சுயஉதவிக் குழு என்று நாம் இன்று அழைக்கும் அமைப்பு அவ்வட்டாரங்களில் வளர்ந்தது. ஓராண்டு ஈராண்டுக்குள் ஏறக்குறைய முந்நூறு குழுக்கள் தோன்றின. ஒருவரை ஒருவர் அறிந்த பதினைந்து இருபது பேர். வாரந்தோறும் சிறு சேமிப்பு. அந்தச் சேமிப்பிலிருந்தே கடன். இருபதுக்கு மேல் ஆட்களைச் சேர்க்காததற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு: அதற்கு மேற்பட்டவர்கள் கூடி ஆதாயம் கருதித் தொழில் நடத்தினால் பதிவு செய்தாக வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் கூறியது. கிராமத்துப் பெண்களின் கூட்டத்துக்கு அளவு வகுத்தது கம்பெனிச் சட்டம்! 1987-இல் நபார்டு வங்கி இக்குழுக்களின் பயிற்சிக்கும் நிதிக்கும் பத்து இலட்ச ரூபாய் வழங்கிற்று. 1992-இல் அதே வங்கி, நாட்டில் ஐந்நூறு குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நாடெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் குழுக்களில் இருக்கின்றனர் என்றால், அதன் ஊற்றுகளில் ஒன்று இவ்வட்டாரம்.

குழுக்களின் தொடக்க காலத்துக் கடன்களைப் பார்த்து அதிகாரிகள் சிலர் முகம் சுளித்தனர். பெண்கள் உணவுக்கு வாங்கினர், மருந்துக்கு வாங்கினர், அடகு வைத்ததை மீட்க வாங்கினர். "இவை நுகர்வுக் கடன்கள், உற்பத்திக் கடன்கள் அல்ல" என்பது அவர்களின் குறை. நம் கருத்தில் இந்தப் பாகுபாடே பிழையானது. ஆவணி மாதத்தில் வாங்கிய ஒரு மூட்டை தானியம், அக்குடும்பம் வெளியூர்க் கூலிக்குப் போகாமல் தன் நிலத்தில் நிற்க உதவுமானால், அதைவிட உற்பத்திக்கு உகந்த கடன் வேறு எது? பேரேட்டில் அது 'உணவு' என்று பதியும். வயலிலோ அது களையெடுப்பாக விளையும்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் குழுவிலிருந்து ஆவணியில் 3,000 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. குழுக்களில் பெருவழக்காக உள்ள விகிதம் இது. நான்கு மாதம் கழித்து மார்கழியில் முதலும் வட்டியும் சேர்த்துக் கட்டினால் 3,240 ரூபாய். ஆக, நான்கு மாதக் காத்திருப்பின் விலை 240 ரூபாய்; ஒரு நாள் கூலிக்கும் குறைவு. அதே குடும்பம் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், கதிர் காக்கும் மாதங்கள் முழுவதையும் ஓர் ஆள் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஒரே தொகை; ஒரே குடும்பம்; ஆனால் ஒன்றில் ஆள் வீட்டில் இருக்கிறார், மற்றொன்றில் இல்லை.

இது நம் ஊகம் மட்டுமன்று. ஆப்பிரிக்காவில் ஸாம்பியா நாட்டின் சிப்பாட்டா மாவட்டத்தில் 175 கிராமங்களைக் கொண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினர். அங்கும் மலைக்குடிகளைப் போலவே சிறு நிலத்தவர்கள். ஆண்டுக்கு ஒரு விளைச்சல். பஞ்ச மாதங்களில் தன் வயலை விட்டுப் பிறர் வயலுக்குக் கூலிக்குச் செல்லும் வழக்கம். அந்தப் பஞ்ச மாதங்களில் சில கிராமங்களில் சிறு கடனைப் பணமாகவோ மக்காச்சோளமாகவோ கொடுத்து, அறுவடைக்குப் பின் திரும்பப் பெற்றனர். கடன் கிடைத்த குடும்பங்கள் வெளியில் கூலிக்குச் செல்வதைக் குறைத்துத் தம் வயலில் கூடுதலாக உழைத்தன, விளைச்சல் ஏறியது. மற்றொரு விளைவுதான் நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றுகிறது. கூலிக்கு வருவோர் குறைந்ததால் அக்கிராமங்களில் கூலியும் ஏறிற்று. அதாவது, கடன் வாங்காமல் கூலிக்கே சென்றவருக்கும் பயன் கிடைத்தது. 2020-இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படிக்கும்பொழுது, சிறு கடனை எதிர்த்து நிலவுடைமையாளர்களும் மேஸ்திரிகளும் முணுமுணுப்பதன் பொருள் நமக்கு நன்கு விளங்குகிறது.

விவசாயத்தோடு மலைக்குடிகளின் தொழில் முடிந்துவிடுவதில்லை. தேன், கல்பாசி, நெல்லிக்காய், சீயக்காய், பூந்திக்கொட்டை, சிற்றீச்சங் கீற்றில் கட்டும் துடைப்பம் ஆகியவை சோளகரின் பழைய வருவாய். இவற்றிலும் முன்பணமே ஆட்சி செலுத்தியது. வியாபாரி பருவத்துக்கு முன்னரே பணம் கொடுத்துவிடுவார். பொருள் இறங்கியபின் விலையை அவரே சொல்வார். இதை மாற்றும் நோக்குடன் 1971-இல் பாவா குழு அளித்த பரிந்துரையின்படி 'லாம்ப்ஸ்' என்னும் பழங்குடிப் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. பொருளை வாங்குவதும் கடன் கொடுப்பதும் ஒரே கூரையின்கீழ் நடக்க வேண்டும் என்பதே கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் சேகரித்துக் கொண்டுவந்த பொருளுக்குச் சங்கம் பணம் கொடுக்கத் தாமதித்தால், கையில் காசுடன் காத்திருக்கும் வியாபாரியிடம் பாதி விலைக்குக் கொடுப்பதைத் தவிர அன்றாடங்காய்ச்சிக்கு வேறு வழி ஏது?

உண்ணிச்செடியின் கதையும் இதனோடு சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த இச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் கால் வைத்து, இம்மலைக் காடுகளின் அடிநிலம் எங்கும் படர்ந்துவிட்டது. மூங்கில் கிடைப்பது அரிதானபொழுது, இந்தச் செடியின் தண்டை வேகவைத்து, பட்டையை உரித்து, வளைத்து நாற்காலியும் கூடையும் செய்யும் கலையை, பெங்களூரைச் சேர்ந்த 'ஏட்ரீ' என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் துணையுடன் 2004 முதற்கொண்டு மாதேஸ்வரன் மலைச் சோளகர்கள் பயின்றனர். கச்சாப்பொருளுக்குக் காசில்லை, வேலை வீட்டருகில், ஆணும் பெண்ணும் செய்யலாம். இருப்பினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாற்காலி விற்றுப் பணம் வரும்வரை செய்தவர் உண்ண வேண்டும். அந்த இடைக்காலத்தைத் தாங்கச் சிறு கடனோ, செய்த அன்றே பணமோ இல்லையெனில் கைத்தொழிலாளி மீண்டும் குவாரிக்கே செல்வார். கலையைக் கற்றுக்கொடுப்பது எளிது. அதைத் தாங்கும் சில்லறைக் காசைப் புழக்கத்தில் வைத்திருப்பதே கடினம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, கடன் எவ்வளவு எளிதில் கிடைத்தாலும் நன்மையே என்று கொள்வாரும் இருக்கக்கூடும். அங்குதான் எச்சரிக்கை தேவை. கடந்த இருபது ஆண்டுகளில் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் கிராமங்களில் நுழைந்துள்ளன. அவை வாசலுக்கே வருகின்றன, அடகு கேட்பதில்லை, தொகையும் பெரிது. ஆனால் அவற்றின் தவணையைப் பாருங்கள். 40,000 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்து நான்கு வட்டியில் ஐம்பத்திரண்டு வாரங்களில் கட்டுவதாகக் கொண்டால், வாரந்தோறும் ஏறக்குறைய 870 ரூபாய் கட்ட வேண்டும். முதல் தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும். கேழ்வரகு வாரந்தோறும் விளையுமா? வாராவாரம் ரொக்கம் கொடுக்கும் வேலை ஒன்றே உண்டு. அது கூலி வேலை. ஆகவே நிலத்தில் முதலிடுவதற்காக வாங்கிய கடனே நிலத்தை விட்டு வெளியேற்றுகிறது. மேஸ்திரி, 'என் தோட்டத்துக்கு வா' என்றார். வாரத் தவணையோ எந்தத் தோட்டத்துக்காவது போ என்கிறது. இதுவே வேறுபாடு.

வட்டி விகிதத்தில் குழுவுக்கும் இந்நிறுவனங்களுக்கும் பெரிய வேற்றுமை இராது என்பதை நம் கணக்குகளே காட்டும். இரண்டிலும் ஆண்டுக்கு இருபத்து நான்கு. வேற்றுமை தவணை விழும் நாளில் இருக்கிறது. செய்தித்தாள்களும் சட்டமன்றங்களும் வட்டியைப் பற்றியே பேசுகின்றன. தவணை நாளைப் பற்றிப் பேசுவாரைக் காண்பது அரிது.

இந்நெருக்கடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அண்மையில் கண்டோம். 2025 தொடக்கத்தில் கர்நாடகத்தின் பல மாவட்டங்களிலிருந்து துயரச் செய்திகள் வந்தன. சாமராஜநகர் மாவட்டத்திலேயே, வசூலிப்போரின் தொல்லைக்கு அஞ்சிக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுச் சென்றன என்று நாளிதழ்கள் எழுதின. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட மற்றொரு நிறுவனத்தில் வாங்கி, இவ்வாறு நான்கைந்து கடன்கள் கழுத்தில் ஏறிய நிலை. அவ்வாண்டு பிப்ரவரியில் கர்நாடக அரசாங்கம், வற்புறுத்தி வசூலிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி அவசரச் சட்டம் பிறப்பித்தது. ரிசர்வ் வங்கியும் முன்னரே, 2022 ஏப்ரல் முதல், ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருவாயில் பாதியைத் தாண்டலாகாது என்று விதித்திருந்தது. ஆனால் மலைக்குடியின் மாத வருவாய் எது? மார்கழியில் ஒரு தொகை, சித்திரையில் தேன் எடுத்தால் ஒரு தொகை, ஆவணியில் சுழியம். ஆண்டு வருவாயைப் பன்னிரண்டால் வகுத்துப் படிவத்தில் எழுதுவது காகிதத்துக்குச் சரி.

அதே நேரத்தில், கடன் ஒரே நாளில் நின்றுபோவதும் தீர்வாகாது. 2010 அக்டோபரில் ஆந்திரப் பிரதேசத்தில் இத்தகைய துயரங்களுக்குப் பின் அவசரச் சட்டம் வந்தபொழுது, நுண்கடன் நிறுவனங்கள் நிலைகுலைந்தன. அவை கடன் கொடுத்துவந்த பிற இராஜ்யங்களிலும் பணம் வற்றியது. எமிலி பிரேஸா, சிந்தியா கின்னன் என்னும் இரு அறிஞர்கள் அந்த மாவட்டங்களை ஆராய்ந்தனர். கடன் சுருங்கிய இடங்களில் கிராமத்து அன்றாடக் கூலி குறைந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. சிறு முதலீடும் சிறு செலவும் நின்றதால் வேலைக்கு ஆள் தேடுவோர் குறைந்தனர். அதனால் கூலி இறங்கியது. கடன் வாங்கியவரை மட்டுமன்றி வாங்காதவரையும் அது தொட்டது. ஸாம்பியாவில் நாம் கண்ட உண்மையே இங்கு மறுபுறமாகத் தெரிகிறது.

வீட்டுக்குள்ளும் சற்று நோக்குவோம். கடன் பெண்ணின் பெயரில் வருகிறது. கூட்டத்துக்குச் செல்பவள் அவளே. தவணை நாளில் பதில் சொல்பவளும் அவளே. ஆனால் பணம் எதற்கு என்பதை முடிவு செய்பவர் பல வீடுகளில் வேறொருவர். கணவர் வெளியூர் சென்று பணம் அனுப்பத் தவறினால், தவணைக்காகப் பக்கத்து நிலத்தில் களை எடுக்கப் போகிறவள் அவள். தன் நிலத்துக் களை அப்படியே நிற்கும். வாராவாரம் கூடும் குழுவில் இத்தகைய நிலை உடனே வெளிப்படும். மற்றப் பெண்கள் அறிவார்கள். ஒரு மாதம் பொறுப்பார்கள், சில சமயம் கடிந்தும் பேசுவார்கள். கைப்பேசிச் செயலியின் வழியே வசூலிக்கும் நிறுவனத்துக்கு இந்த அறிவும் இல்லை, பொறுமையும் இல்லை.

பயிர்க்கடனுக்கு அறுவடையை ஒட்டித் தவணை அமைக்கும் ஏற்பாடு நம் வங்கிகளில் நெடுநாளாக உண்டு. 1998-இல் வந்த கிசான் கடன் அட்டையும் அந்த அடிப்படையில் அமைந்ததே. ஆனால் அதற்கு நிலத்தின் பத்திரம் வேண்டும். காட்டு நிலத்தைத் தலைமுறையாக உழுதுவருவோரில் பலரிடம் பத்திரம் கிடையாது. 2006-இன் வன உரிமைச் சட்டம் அத்தகையோருக்கு உரிமைப் பத்திரம் வழங்க வழி வகுத்தது. அது கைக்கு வந்த குடும்பம் வங்கிப் படியேறிப் பயிர்க்கடன் கேட்கலாம். பத்திரம் வராதவருக்குக் குழுவே வங்கி. ஆகவே குழுவுக்கு வங்கி கொடுக்கும் கடனிலேனும், மலையூர்களுக்கு மாதத் தவணையை விலக்கி, தை மாதத்தில் ஒரு தவணையும் தேன் பருவம் முடிந்தபின் மற்றொன்றும் என வைப்பதற்கு என்ன தடை என்று நாம் கேட்கலாம். கணக்கெழுதும் இயந்திரத்துக்கு அது சற்றுத் தொல்லையாக இருக்கும். ஆவணி பிறந்து மேஸ்திரியின் வண்டி மலையேறுவதற்குள் குழுவின் பணம் ஊருக்குள் வந்துவிட வேண்டும். பிந்தினால், அவ்வாண்டுப் பரணில் ஏறி அமர ஆள் இராது.